மீசை வழித்த முகம்

மண்டபத்தின் பின்கதவைத் தள்ளிக்கொண்டு காவலாளி எட்டிப் பார்த்தார். "டீச்சர், மொடல் வந்திட்டார்."

சித்திரச் சோதனைக்கு இருந்த பன்னிரண்டு பேரும் திரும்பினோம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு, நெற்றியில் திருநீறு. செருப்பை வாசலிலேயே கழற்றி விட்டு, கோயிலுக்குள் வருபவரைப் போல வலது காலை எடுத்து வைத்து ஒரு மனிதர் உள்ளே வந்தார்.

வரைய நல்ல முகம் என்றுதான் முதலில் நினைத்தேன். கன்னத்து எலும்புகள் தெளிவாக இருந்தன. கழுத்து நரம்பில் வெளிச்சம் விழுந்தது. அந்த ஒரு கணம் அவர் எனக்கு முன்பின் தெரியாத யாரோ ஒருவர்.

அடுத்த கணம் அவர் என் அப்பா.

என் அப்பாவுக்கு மீசை இல்லை.

பக்கத்தில் இருந்த என் சிநேகிதி சுலோ, "எடி, உனக்கென்ன? பேயைக் கண்ட மாதிரி இருக்கிறாய்" என்று கிசுகிசுத்தாள்.

யாருக்காக வழிப்பது?

இந்தத் தொடரைப் புதிதாகக் கையில் எடுத்தவர்களுக்காக: நான் சுன்னாகத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டக் கிராமத்துப் பிள்ளை. அப்பா மற்றவர்களின் தோட்டங்களில் வெங்காயம் நடுவார், கிண்டுவார், சந்தையில் மூட்டை இறக்குவார். ஊர் ஊராக இடம்பெயர்ந்த காலத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டவர். அம்மா அந்த மூன்றும் இல்லை. எங்கள் வீட்டில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

மீசையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் அப்பாவின் வயதில் இருக்கிற ஆண் மீசையை அழகுக்காக வழிப்பதில்லை. வழித்திருந்தால் அவரிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருக்கும்: "ஆர் செத்தது?" கொள்ளி வைக்கிறவர்தான் மீசையை எடுப்பார். சந்தைக்கு வருகிற ஒருவரின் மேலுதடு வெறுமையாக இருந்தால், விலை பேசுவதை நிறுத்திவிட்டுத் துக்கம் விசாரிப்பார்கள்.

அப்பாவின் தாயும் தகப்பனும் நான் பிறக்கும் முன்பே போய்விட்டார்கள். எனக்கு அண்ணையும் இல்லை, தம்பியும் இல்லை. ஆண்பிள்ளை இல்லாத எங்கள் வீட்டில் அப்பா கொள்ளி வைக்கக்கூடியது ஒரே ஒருவருக்குத்தான்.

அம்மா ஐந்து நாளாக தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் இருந்தார். வயிற்றில் ஒரு கட்டி. ஒப்பரேசன் முடிந்திருந்தது.

படலையடியில் ஒரு சைக்கிள்

சித்திரச் செயன்முறைப் பரீட்சை சுன்னாகத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. அம்மாவை ஆஸ்பத்திரியில் விட்டதும் அப்பா என்னைச் சுலோ வீட்டில் கொண்டுவந்து விட்டார். அவர்கள் வீடு பரீட்சை மண்டபத்துக்கு நடந்து போகிற தூரம். சுலோவின் அம்மா முதல் வேலையாக எங்கள் இருவரின் போனையும் வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். "சோதனை முடிஞ்சாப் பிறகு வாங்குங்கோ. அதுவரை உலகம் ஓடிப்போகாது."

ஒவ்வொரு பின்னேரமும் அப்பா சைக்கிளில் வந்து படலையடியில் நிற்பார். உள்ளே வரமாட்டார். "அம்மா நல்லா இருக்கிறா. நீ படி." அவ்வளவுதான். நானும் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்றால், "அங்கை வந்து என்ன செய்யப் போறாய்? நீயோ தையல் போடுறது?" என்பார்.

முந்தநாள் வந்தார். மீசையோடு வந்தார்.

நேற்று வரவில்லை.

அந்த மண்டபத்தில் உட்கார்ந்து இதைக் கணக்குப் பார்த்தேன். முந்தநாள் இரவு சாவு நடந்திருந்தால் நேற்றுச் சுடலைக்கு எடுத்திருப்பார்கள். ஒரு நாள் போதும்.

அம்மாவின் சட்டம்

எனக்குச் சொல்லாமல் எப்படிச் செய்வார்கள் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டை அறிந்தால் கேட்க மாட்டீர்கள்.

நான் சாதாரண தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது அம்மாவின் அண்ணன் இறந்து போனார். என்னைத் தோளில் தூக்கித் தேர் காட்டிய மாமா. அன்று காலை அம்மா எனக்குப் பாணும் சம்பலும் தந்து, தலை பின்னி, ரிபன் கட்டிவிட்டார். கண் வீங்கியிருந்தது. "வெங்காயம் உரிச்சனான்" என்றார். எங்கள் வீட்டில் அது நம்பக்கூடிய பதில். அடுத்த நாளும் தலை பின்னிவிட்டார். கடைசித் தாளை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் சொன்னார்: "மாமாவை நேற்று எடுத்தாச்சு."

நான் கத்தினேன். அம்மா அசையவில்லை. "நீ வந்து அழுதால் அவர் எழும்புவாரோ? சோதனை போனால் போனதுதான்."

என் சோதனை நடக்கும்போது சாவும் படலைக்கு வெளியே நின்றுகொள்ள வேண்டும். அது அம்மாவின் சட்டம். அம்மா இல்லாவிட்டாலும் அப்பா அந்தச் சட்டத்தை மீற மாட்டார். அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறார் என்று நான் விளங்கிக்கொண்டேன். சொல்லவென்று புறப்பட்டு வந்திருக்கிறார், வாசலில் யாரோ பிடித்து மொடலாக இருத்திவிட்டார்கள், சோதனை முடியட்டும் என்று பேசாமல் இருக்கிறார்.

"ஒருத்தரும் இல்லை"

மேற்பார்வைக்கு வந்திருந்த ஆசிரியை அவரைக் கதிரையில் இருத்தினார். "ஐயா, உங்கடை சொந்தக்காரர் ஆரும் இந்தச் சோதனையிலை இல்லைத்தானே?"

"சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லை, டீச்சர்."

அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை. குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை.

"அந்த யன்னல் கம்பியைப் பார்த்தபடி இருங்கோ. கண் வெட்டலாம். தலை அசையக்கூடாது. பிள்ளையள், ஒருத்தரும் அவரோடை கதைக்கக்கூடாது."

எங்களை வட்டமாக இருத்தியிருந்தார்கள். இடங்கள் பரீட்சைச் சுட்டெண் வரிசைப்படி. சுலோவுக்கு அவரின் முதுகு கிடைத்தது. எனக்கு நேர் முகம்.

நான் எழும்பியிருக்கலாம். "டீச்சர், இவர் என்ரை அப்பா" என்று ஒரு வசனம் சொன்னால் போதும். அவரை வெளியே அனுப்பியிருப்பார்கள், நானும் பின்னால் ஓடியிருப்பேன். எத்தனையோ முறை முழங்கால் எழும்பப் பார்த்தது. ஆனால் எழும்பினால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அவர் மறைத்ததும் வீண், நான் படித்ததும் வீண்.

நான் பென்சிலை எடுத்தேன்.

ஐந்து கண் அகலம்

இந்த இடத்தில் சித்திரப் பாடத்தைப் பற்றிக் கொஞ்சம்.

உயர்தரத்தில் தமிழ், இந்து நாகரிகம், சித்திரம் என்று மூன்று பாடங்களை எடுத்தேன் என்றதும் ஊரில் ஆளுக்கொரு கதை கதைத்தார்கள். முன்வீட்டு மாமி, "சித்திரமோ? அது சின்னப் பிள்ளையளுக்கெல்லோ?" என்றார். அப்பா மட்டும் யோசித்துவிட்டுக் கேட்டார்: "கீறுறதுக்கும் சோதனை வைப்பினமோ? அப்ப அது லேசான வேலையில்லை." அப்பா தன் பெயரை எழுதமாட்டார், கீறுவார். கிராம அலுவலரான விதானையாரிடம் ஒரு கையொப்பம் வைக்க அவருக்கு ஐந்து நிமிடம் வேண்டும். கீறுவதன் கஷ்டம் தெரிந்தவர்.

பாடத்தில் பாதி சரித்திரம். சிகிரியாச் சுவரிலிருந்து இத்தாலியக் கூரைகள் வரை, நான் ஒருநாளும் நேரே பார்க்காத ஓவியங்களின் சாயம், பூச்சு, கோடு எல்லாம் பாடமாக்கினேன். மற்றப் பாதி கை. எங்கள் சித்திர டீச்சர் முதல் நாளே சொன்னது: "முகத்துக்கு அகலம் ஐந்து கண். உணர்ச்சி பிறகு. முதலிலை அள."

அன்றைக்கு அந்தச் சொல்தான் என்னைப் பிடித்து இருத்தியது. கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியில் அப்பாவை அளந்தேன். கண்ணிலிருந்து மூக்கு. மூக்கிலிருந்து நாடி. அம்மா செத்துப்போனார். காது, புருவத்தின் மட்டத்தில். என்னைக் கேட்காமல் எரித்துவிட்டார்கள். கழுத்து, தோளிலிருந்து சற்று முன்னுக்கு.

கை தன் வேலையைச் செய்தது. பள்ளிக்கூடத்திலேயே ஆள் வரைவதில் நான்தான் முதல். அதையும் மறைக்கப் போவதில்லை. பாதியில் ஒரு சொட்டுக் கண்ணீர் ஈர நிறத்தின் மேல் விழுந்து காதோரம் படர்ந்தது. தூரிகையால் இழுத்து அதை நரைமயிர் ஆக்கினேன். யாரும் கவனிக்கவில்லை.

அப்பாவின் கண்கள் சிவந்திருந்தன. யன்னல் கம்பியை விட்டு ஒருமுறைகூட அவை விலகவில்லை. தோட்டத்தில் பத்து நிமிடம் ஓர் இடத்தில் நிற்காத மனிதர், கல் மாதிரி இருந்தார்.

நடுவில் ஒரு வெள்ளை

மூக்குக்கும் உதட்டுக்கும் இடையில் மட்டும் காகிதம் வெள்ளையாகக் கிடந்தது.

அந்த இடத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வெயில் படாமல் இருந்த தோல், உரித்த வெங்காயம் போல வெளிறி, முகத்தின் மற்றப் பாகத்தோடு சேராமல் தனியாகத் தெரிந்தது. மேலுதட்டில் ஒரு சின்ன வெட்டுத் தழும்பு. பதினெட்டு வருடம் அந்த முகத்தைப் பார்த்து வளர்ந்திருக்கிறேன், அந்தத் தழும்பை அன்றுதான் கண்டேன். அதற்குரிய நிறமும் தட்டில் கலந்து வைத்திருந்தேன். தூரிகை கிட்டப் போகும், திரும்பி வரும்.

அதைக் கீறினால் அம்மா செத்தது உண்மையாகிவிடும். அந்த நேரத்தில் எனக்கு இருந்த புத்தி அவ்வளவுதான்.

அரை மணித்தியாலம் இருக்கிறது என்று ஆசிரியை அறிவித்தார். நான் தூரிகையைக் கறுப்பில் தோய்த்தேன். மீசை வைத்தேன். இரண்டு பக்கமும் கொஞ்சம் கீழே வளைந்து, நடுவில் நரை ஓடிய அப்பாவின் மீசை. ஒவ்வொரு மயிராக வைத்தேன்.

ஆசிரியை என் பின்னால் வந்து நின்றார். படத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். குனிந்து மெல்லச் சொன்னார்: "நான் ஒண்டும் சொல்லக்கூடாது, பிள்ளை. ஆனா ஒருக்கா வடிவாப் பாரும்."

"பார்த்துத்தான் கீறுறன், டீச்சர்."

அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு அடுத்த கதிரைக்குப் போனார்.

பெறுபேறு வந்தபோது சித்திரத்துக்கு எனக்கு B. பள்ளிக்கூடம் முழுவதும் A எதிர்பார்த்தது. எதற்கு எத்தனை புள்ளி என்று யாரும் சொல்வதில்லை, வரைந்த தாளும் திரும்பி வராது. எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

மணி அடித்த பிறகு

மணி அடித்தது. அப்பா எழும்பப் பார்த்தார், கால் விறைத்துப்போய் மறுபடி கதிரையில் விழுந்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னைப் பயப்படுத்தியது. மனைவியை எரித்துவிட்டு வந்த மனிதர் சிரிக்கிறாரே.

பள்ளிக்கூடத்துக்கு வெளியே, மதிலோரம், அவர் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோது போய் முன்னால் நின்றேன்.

"அம்மாவை எப்ப எரிச்சனீங்கள்?"

அப்பாவின் கையிலிருந்த பூட்டுத் திறப்பு நிலத்தில் விழுந்தது. "என்னடி கதைக்கிறாய்?"

"சொல்லுங்கோ. நேற்றோ?"

"விசரே உனக்கு? ராத்திரி அவவோடை கதைச்சுப்போட்டுத்தான் வந்தனான். காலமைக்குப் பாண் வேணுமாம், கஞ்சி வாய்க்கு வைக்கேலாதாம் எண்டு என்னைப் பேசினவ."

நான் மதிலில் சாய்ந்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். வெள்ளைச் சீருடை முழுவதும் புழுதி. பின்னால் வந்த சுலோ அப்போதுதான் அவர் யார் என்று கண்டுகொண்டாள். "ஐயோ, மாமா நீங்களோ! மீசையுமில்லை, பிறகு முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தனான், பிடிபடேல்லை" என்றாள்.

"பின்னை ஏன்..." என்று கேட்கத் தொடங்கி முடிக்க முடியாமல் என் மேலுதட்டைத் தொட்டுக் காட்டினேன்.

அப்பாவின் கை தன் முகத்துக்குப் போனது. அவருக்கு இப்போதுதான் விளங்கியது. முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது.

"நீதானே சொன்னனீ."

"நான் என்ன சொன்னனான்?"

"போன மாதம் என்னை இருத்திக் கீறேக்கை. நாலு தரம் அழிச்சு, தாள் கிழிஞ்சு, பென்சிலை எறிஞ்சனீ. 'உந்த மீசைதான் அப்பா என்னை ஃபெயிலாக்கப் போகுது' எண்டனீ."

சொல்லியிருக்கிறேன். சொன்னதையே மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை.

முதல் நாள் சந்தையில் காவலாளி வந்து, சோதனைக்கு மூன்று மணித்தியாலம் அசையாமல் இருக்க ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் சிரித்தார்களாம். அப்பா கையை உயர்த்தினார். பழகின முகம் என்றால் பிள்ளைக்கு வசதி. மீசையும் இல்லையென்றால் இன்னும் வசதி. பின்னேரம் முழுவதும் வேட்டி தோய்த்துக் காயப்போட்டதில் படலைக்கு வர நேரமில்லை. விடிய எழும்பி முதல் வேலையாகச் சலூனுக்குப் போனார்.

"சலூன்காரன் கத்தியைக் கீழை வைச்சிட்டான். 'ஆர் அண்ணை செத்தது?' எண்டான். ஒருத்தரும் சாகேல்லை, நீ வழியடா எண்டனான்."

"டீச்சருக்கு ஏன் பொய் சொன்னனீங்கள்? பிடிபட்டால் என்ரை சோதனையெல்லோ போயிருக்கும்!"

"எங்கை பொய் சொன்னனான்? சொந்தக்காரர் இருக்கினமோ எண்டு கேட்டவ. நீ சொந்தக்காரியோ? நீ என்ரை பிள்ளை."

சுலோ வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா என் பக்கத்தில் குந்தினார். "அது கிடக்கட்டும். லேசா இருந்ததோ?"

நான் அவரைப் பார்த்தேன். அந்த முகத்துக்கு முன்னால் பொய் சொல்ல வரவில்லை.

"மீசை வைச்சுத்தான் கீறினனான், அப்பா."

அவர் எழும்பினார். பிறகு திறப்பைத் தேடி எடுத்து, சேட்டில் துடைத்தார். "வா, அம்மாவைப் பார்ப்பம்" என்றார்.

யன்னலோரக் கட்டில்

தெல்லிப்பழை போகும் வழி முழுவதும் நான் சைக்கிளின் பின்னால் இருந்து அவரின் சேட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சந்தியில் ஒருவர் அப்பாவைக் கண்டு தன் சைக்கிளை விட்டு இறங்கினார். அப்பா, "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று கத்திக்கொண்டே நிற்காமல் மிதித்தார்.

நோயாளரைப் பார்க்கும் நேரம். வார்டுக்குள் கூட்டம். அப்பா முன்னால், நான் அவரின் முதுகுக்குப் பின்னால். யன்னலோரக் கட்டிலில் அம்மா தலையணையில் சாய்ந்து இருந்தார். மெலிந்திருந்தார். உயிரோடு இருந்தார்.

நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

நான் அதற்கு முன்பும் பின்பும் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. "என்ரை பிள்ளை எங்கை?"

தையலோடு கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். தாதி ஓடி வந்தார். "பிள்ளைக்கு என்ன நடந்தது? சொல்லுங்கோ, என்ரை பிள்ளை எங்கை?"

நான் அப்பாவைத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடினேன். அம்மா என் தலை, கன்னம், கை எல்லாவற்றையும் தடவினார். விரல்களை எண்ணிப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பிடித்தார். மூச்சு அடங்கியதும் அப்பாவின் பக்கம் திரும்பினார். அவர் பேசிய பேச்சை எழுத இந்த வார இதழின் ஆசிரியர் விடமாட்டார். கடைசி வசனம் மட்டும்: "அது வளருமட்டும் இந்த வார்டுப் பக்கம் வந்திடாதேங்கோ!"

முழுக் கதையையும் கேட்ட பிறகு அம்மா அமைதியானார். என்னை ஒரு விதமாகப் பார்த்தார்.

"மூண்டு மணித்தியாலமும் இருந்தனீயோ?"

"ஓம்."

"நான் செத்துப்போனன் எண்டு நினைச்சுக்கொண்டு?"

"ஓம், அம்மா."

"எழும்பி ஓடி வரேல்லை?"

நான் தலையைக் குனிந்தேன். "இல்லை."

எந்தப் பேச்சையும் வாங்க ஆயத்தமாக இருந்தேன். அம்மா பக்கத்துக் கட்டில்காரியின் பக்கம் திரும்பி, வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"கேட்டியளே, அக்கா? நான் செத்துப்போனன் எண்டாலும் என்ரை பிள்ளை எழும்பேல்லையாம். முழுக்கக் கீறி முடிச்சுப்போட்டுத்தான் வந்தவளாம்!"

அவரின் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் கண்டதில்லை. காலையிலிருந்து என்மேல் விழுந்த அதிர்ச்சிகளில் அதுதான் பெரியது. முழுக்கக் கீறவில்லை அம்மா, ஒன்றரை அங்குலத்தில் தோற்றுவிட்டேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். கட்டிலின் கால்மாட்டில் நின்ற அப்பா என்னைப் பார்த்தார். வெளிறிய மேலுதட்டை விரலால் தடவிக்கொண்டு, வேண்டாம் என்று மெல்லத் தலையாட்டினார்.

நான் சொல்லவில்லை.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஒவ்வொரு வாரமும் இந்தத் தொடரை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். இந்த வாரம் எந்த இடத்தில் நிறுத்துவது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.